“எனக்குச் சரியாப்பட்டது” என்பது எதுவரைக்கும்?

“எனக்குச் சரியாப்பட்டது, செஞ்சன். அவவுக்குப் பிழையாப்படுது. அதுக்கு நான் என்ன செய்ற மிஸ்?”

முன்னால் இருந்த தம்பிக்கு முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு. மனைவியும் வந்திருந்தா, ஆனால் இருவருக்கும் நடுவில் ஒரு கதிரை காலியாகக் கிடந்தது. கலியாண வீட்டுக்கு வெளிக்கிட அலுமாரியைத் திறந்தபோதுதான் நகைப்பெட்டி வெறுமையாக இருப்பது அவவுக்குத் தெரிந்தது. அம்மா கொடுத்த இரண்டு காப்பும் ஒரு சங்கிலியும் எட்டு மாதமாக அடகில் இருந்திருக்கின்றன. ஆளை அடையாளம் காட்டும் விபரங்களை மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

மட்டக்களப்பில் உளவளத்துணை வேலைக்கு நான் வந்தது சுனாமிக்குப் பிறகு, 2005இல். அந்த நாட்களில் அதிகம் கேட்காத ஒரு பேச்சை இப்போது கிழமைக்கு ஒருதரமாவது கேட்கிறேன். அவரவருக்கு அவரவர் உண்மை. சரி பிழை எல்லாம் பார்க்கிற ஆளைப் பொறுத்தது. படித்தவர்கள் இதை அறச் சார்புவாதம் என்பார்கள். அந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களும் வீட்டுச் சண்டையில் இதைத்தான் கேடயமாகப் பிடிக்கிறார்கள்.

இதில் எங்கள் தொழிலுக்கும் பங்குண்டு. வருகிறவரைத் தீர்ப்பிடாமல், நிபந்தனை போடாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் காலத்திலிருந்து எங்களுக்குப் பாலபாடம். அதை நான் இன்றும் முழு மனதோடு கடைப்பிடிக்கிறேன். ஆனால் ஆளைத் தீர்ப்பிடாமல் இருப்பது வேறு, செய்ததில் சரி பிழையே இல்லை என்பது வேறு. அந்தத் தம்பியின் மனம் நொந்திருந்தது உண்மை, அதை அவர்தான் சொல்ல முடியும். நகை யாருடையது, கேட்டு எடுத்ததா கேட்காமல் எடுத்ததா என்பதெல்லாம் யாருடைய உணர்வையும் பொறுத்தது அல்ல.

நான் கிறிஸ்தவள். கல்லெறிந்து கொல்லக் கொண்டுவந்த பெண்ணிடம் இயேசு பேசியது யோவான் சுவிசேஷம் 8ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நானும் உன்னைத் தீர்ப்பிடவில்லை என்கிறார், இனிப் பாவம் செய்யாதே என்கிறார். முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டாம் பாதியையே கல்லாக்கி எறிகிறவர்களும் எங்கள் சபைகளில் இருக்கிறார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அவர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அந்தத் தம்பிக்கு நான் வசனம் எதுவும் சொல்லவில்லை. காசு எதற்குத் தேவைப்பட்டது என்று கேட்டேன். கட்டாருக்குப் போக ஒரு ஏஜென்டிடம் கட்டினாராம். ஆள் காசோடு மறைந்துவிட்டான். அதைச் சொல்லும்போது குரல் ஏறியது. “அநியாயம் மிஸ்! நம்பித்தானே குடுத்த. ஒரு வார்த்த சொல்லாம…”

அதோடு நின்றுவிட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. மேலே ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும்தான். மனைவி அவரைப் பார்க்கவில்லை. மடியில் இருந்த தன் வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தா.

இன்னொருவனின் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி போனதும் இப்படித்தான். ஏழையிடம் இருந்த ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்துக்கொண்ட கதையைச் சொன்னார். தாவீது கொதித்து எழுந்தார். “நீயே அந்த மனுஷன்” என்ற வார்த்தை அதற்குப் பிறகுதான் வந்தது. நமக்கு அநியாயம் நடக்கும்போது நம்மில் ஒருவரும் சார்புவாதி இல்லை. அந்த ஏஜென்டுக்கும் அது சரியாகத்தான் பட்டிருக்கும் என்று சொன்னால் எந்த மனம் ஏற்கும்? நியாயப்பிரமாணம், அதாவது கடவுளின் சட்டம், மனிதருடைய இருதயத்தில் எழுதியிருக்கிறது என்று அப்போஸ்தலர் பவுல் ரோமருக்கு எழுதியபோது, அந்தச் சட்டம் கொடுக்கப்படாத புறஜாதியாரைப் பற்றித்தான் பேசினார்.

ஊர் அளவில் இதே பேச்சு வரும்போது எனக்குப் பயமாகவே இருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி பட்டினத்துக்குத் தெற்கே முஸ்லிம்கள் வாழும் காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுடப்பட்டார்கள். இறந்தவர்கள் நூற்றுக்கு மேல். சுட்டவர்கள் தமிழர்களாகிய நமது பக்கத்தவர்கள். ஐந்து கிழமைக்குப் பிறகு, செப்டெம்பர் 9ஆம் திகதி, வடக்கே சத்துருக்கொண்டானில் படையினர் கூட்டிக்கொண்டு போய்க் கொன்ற தமிழர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். இரண்டு ஊர்களிலும் அந்த வருடத்துக் காயத்தோடு வந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தமிழர் பக்கம் இருப்பவர் சத்துருக்கொண்டானைச் சொல்லும்போது நடுங்குகிறார். காத்தான்குடி என்றதும் “அது அப்ப இருந்த நிலைமை” என்கிறார். முஸ்லிம்கள் பக்கத்திலும் இதே மாதிரிப் பேசுகிறவர்கள் உண்டு. அவரவர் நியாயம் அவரவருக்கு என்றால், இந்த இரண்டு நாட்களையும் பிழை என்று சொல்ல ஒரே ஒரு வாய்கூட மிஞ்சாது. தொழுகிறவனைச் சுடுவது பிழை. சுட்டது யார் என்று பார்த்து மாறுகிற பிழை அல்ல அது. பிரஜைகள் குழுத் தலைவராக இருந்து மக்களுக்காகக் குரல்கொடுத்த சந்திரா பெர்னாண்டோ அடிகளாரை 1988 ஜூனில் இதே பட்டினத்தில் சுட்டுக் கொன்றார்கள். இங்கே உண்மை பேசுவது அவ்வளவு இலேசான காரியமாக இருந்ததில்லை.

ஏ/எல் (உயர்தரம்) படிக்கிற ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது நல்ல கேள்வி. “முழு உண்மையும் தங்கள்ட்டதான் இருக்கு எண்டு நினைக்கிற ஆக்கள்தானே மிஸ் குண்டு வைக்கிற?” இங்குள்ள சீயோன் தேவாலயத்தில் 2019 ஏப்ரல் 21இல் குண்டு வெடித்தபோது அவள் சின்னப் பிள்ளை. ஞாயிறு வகுப்பு முடிந்து நின்ற சிறுவர்கள் பலர் அன்று இறந்துபோனார்கள். அவளுக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை, ஒரு கிழமை எடுத்தேன்.

மறுகாக் கதைத்தபோது, இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவைப் பற்றிச் சொன்னேன். “சத்தியமாவது என்ன?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே போனவர் அவர். இந்த மனிதனில் குற்றமில்லை என்று வாயால் சொன்னார், கூட்டத்துக்குப் பயந்து சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தார். உண்மை என்று ஒன்று இல்லையென்றால் கடைசியில் கூட்டமும் அதிகாரமும்தான் தீர்மானிக்கும். அவருக்கு முன்னால் கட்டுண்டு நின்றவரோ, நானே சத்தியம் என்று சொல்லியிருந்தும் யாரையும் கொல்லவில்லை, தான் செத்தார். கிறிஸ்தவர்களாகிய எங்களுக்குச் சத்தியம் என்பது கையில் தூக்கி மற்றவனை அடிக்கிற பொல்லு அல்ல. முதலில் அது என்னைத்தான் நிறுத்திக் கேள்வி கேட்கிறது. அப்புறம், எல்லாமே முழுமுதல் உண்மை என்றும் இல்லை. என்ன சாப்பிடுவது, எந்த நாளைக் கொண்டாடுவது என்பதையெல்லாம் ரோமர் 14 அவரவர் மனச்சாட்சிக்கே விட்டிருக்கிறது.

வேலையில் இது எங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது என்றால், பிள்ளைகள் விஷயத்தில். ஒரு பிள்ளை வாய் திறந்து தனக்கு நடந்ததைச் சொல்லும், வீட்டில் பெரியவர்கள் “அவருக்கும் ஒரு பக்கம் இருக்கும்” என்பார்கள். அந்த ஒரு வசனம் பிள்ளையின் வாயைத் திரும்பப் பூட்டிவிடும். அதனால் என்னிடம் வருகிற எல்லோருக்கும் முதல் நாளே சொல்லிவிடுவேன்: நீங்கள் சொல்வது இந்த அறைக்குள் இருக்கும், ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்றால் மட்டும் இருக்காது. உங்கள் வீட்டில், பக்கத்து வீட்டில், சபையில் அப்படி ஒன்று தெரியவந்தால் 1929க்கு அழையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள். குடும்ப மானம் என்று யாராவது தடுத்தாலும் அழையுங்கள்.

அந்தத் தம்பி அன்று மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு கிழமை கழித்துத் திரும்பவும் இருவருமாக வந்தார்கள். பொலித்தீன் பைக்குள் மடித்து வைத்திருந்த அடகுச் சிட்டையை எடுத்து மேசையில் வைத்தார். “இது பிழதான் மிஸ்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவவப் பாத்துச் சொல்லுங்க தம்பி என்றேன். சொன்னார். சிட்டையை மனைவி எடுத்து, வட்டி கட்ட வேண்டிய திகதியை இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா.