மருத்துவர் மனத்தில் நோய்கள் எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன?

"பாடத்தைக் கேட்டால் ஒரு வரி விடாமல் ஒப்பிக்கிறாள். வார்டில் நோயாளி முன் நின்றால் மட்டும் திணறுகிறாள். ஏன்?" மருத்துவ மாணவி ஒருவரின் தாயார் கேட்ட கேள்வி இது.

பாடநூல் நோயின் பெயரில் தொடங்கி அறிகுறிக்கு வரும். நோயாளியோ அறிகுறியோடு வருகிறார், பெயரை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அனுபவசாலிகள் இதற்குத் தனி உத்தி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று 1970களில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலும் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்திலும் ஆராய்ந்தார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மாணவர்களைப் போலவே அவர்களும் முதல் சில நிமிடங்களிலேயே சில ஊகங்களுக்கு வந்துவிடுகிறார்கள். ஊகம் சரியாக அமைவதில்தான் வித்தியாசம். அறிவு உள்ளே அடுக்கப்பட்டிருக்கும் விதம் அதைத் தீர்மானிக்கிறது.

ஃபெல்டோவிச், பாரோஸ் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1984இல் இந்த அடுக்குக்கு 'நோய்க்கதை' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். சூழல், உள்ளே நடக்கும் கோளாறு, அதன் விளைவு என்று கதைக்கு மூன்று பகுதிகள்.

ஸ்க்ரப் டைஃபஸ் எனும் உண்ணிக் காய்ச்சலைப் பாருங்கள். காய்ச்சல், தலைவலி, உடல்வலி. டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா எல்லாவற்றுக்கும் இதே பட்டியல்தான், மனப்பாடம் இங்கே உதவாது. கதை உதவும். மழை ஓய்ந்த குளிர் மாதம், வயலிலோ புதரிலோ வேலை, ஒரு வாரமாக இறங்காத காய்ச்சல். இவை சேர்ந்ததும் மருத்துவரின் பார்வை அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதிக்குப் போகிறது. சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கருத்த பொருக்கு இருக்கலாம். பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரிந்திருக்காது, கேட்டாலும் சொல்லமாட்டார். கதை தெரிந்தவர்தான் தேடுவார்.

இன்னும் அழகானது கதையின் நடுப்பகுதி, அதாவது உள்ளே நடக்கும் கோளாறு. அந்தக் கடி வழியே நுழையும் கிருமி ரத்தக்குழாய்களின் உட்சுவர்ச் செல்களில் பெருகுகிறது, குழாய் கசிகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மூச்சுத்திணறலையும் சிறுநீரகப் பாதிப்பையும் மனக்குழப்பத்தையும் தனித்தனியாக நினைவில் வைக்க வேண்டியதில்லை. ரத்தக்குழாய் இல்லாத உறுப்பு ஏது! முதலாண்டில் படித்த உடலியல் மறந்துபோவதில்லை, இப்படிச் சுருங்கிக் கதைக்குள் போய்விடுகிறது. நோயைக் காலத்தே கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மருந்து போதும்.

கதைகள் மனத்தில் உருவாக, பல நோய்களைக் கலந்து பயில வேண்டும். மெக்மாஸ்டரில் மாணவர்களுக்கு ஈசிஜி படிக்கக் கற்றுக்கொடுத்து, ஒரு குழுவுக்கு நோய் வாரியாகவும் இன்னொன்றுக்குக் கலந்தும் பயிற்சி கொடுத்தார்கள். 2003இல் வெளியான முடிவு: புதிய ஈசிஜிகளில் கலந்து பயின்றவர்களே கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். அத்தியாயத்தின் தலைப்பிலேயே விடை இருந்தால், ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியும் வேலையே மனத்துக்கு இல்லை.

சோதிக்காத மருந்தை விற்க நாம் அனுமதிப்பதில்லை. மருத்துவரை உருவாக்கும் முறையை மட்டும் சோதிக்காமலே தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றுகிறோம். இந்தியாவில் 2019 முதல் எம்பிபிஎஸ் பாடத்திட்டம் திறன் அடிப்படைக்கு மாறி, முதலாண்டிலேயே நோயாளியைப் பார்க்க வழி செய்திருக்கிறது. நல்ல மாற்றம். அது வார்டில் என்ன பலன் தருகிறது என்று அளந்து பார்க்கவும் அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

மாணவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரே நாளில் மூன்று காய்ச்சல் கேஸ்களை எடுங்கள். கேஸ் ஷீட்டைத் திறக்கும் முன், மற்ற இருவரிடம் இல்லாத எது இவரிடம் இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் எழுதிவிடுங்கள்.