கன்சோலில் வழுக்கிக்கொண்டு போகும் விளையாட்டு கணினியில் ஏன் திக்குகிறது?

கோலாலம்பூர் லோ யாட் பிளாசாவுக்குக் கிராபிக்ஸ் கார்டு தேடிப் போகிறவர்களில் பலருக்கு மனத்தில் ஒரே குறைதான். சோனியின் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலில் ஒழுங்காக ஓடும் விளையாட்டு, அதைவிடக் கூடுதல் வெள்ளி (ரிங்கிட்) போட்டுச் சேர்த்த கணினியில் ஏன் நொடிக்கொரு தரம் திக்குகிறது? இன்னும் பெரிய கார்டு வாங்கினால் சரியாகிவிடும் என்றுதான் முதலில் தோன்றும். பல நேரம் ஆகாது. கன்சோல் விளையாட்டு என்றால் ஸ்டுடியோவிலேயே முடிந்துவிடும் சில வேலைகள், கணினிப் பதிப்பில் உங்கள் மேசைக்கு வந்த பிறகு, நீங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே நடக்கின்றன. திக்கல் அங்கிருந்துதான் வருகிறது.

முதல் குற்றவாளி ஷேடர். ஈரத் தரை எப்படி மின்ன வேண்டும், புகை எப்படிக் கலைய வேண்டும் என்று கிராபிக்ஸ் சிப்புக்குச் சொல்லும் சிறு நிரல் அது. இப்போதைய பெரிய விளையாட்டுகளில் இவை ஆயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றையும் சிப்பின் சொந்த மொழிக்கு மாற்றினால்தான் ஓடும். பிஎஸ்5 ஒவ்வொன்றிலும் இருப்பது ஒரே வடிவமைப்புச் சிப், அதனால் மாற்றியே வட்டில் போட்டுக் கொடுத்துவிடலாம். கணினியிலோ என்விடியாவுக்கு ஒரு மொழி, ஏஎம்டிக்கு ஒன்று, இன்டெலுக்கு இன்னொன்று. அதுவும் தலைமுறைக்குத் தலைமுறை மாறும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதுப்பித்தால்கூடப் பழைய மொழிபெயர்ப்பு செல்லாது. பிரிக்பீல்ட்ஸ் கடையில் தோசை மாவு முதல் நாள் இரவே அரைத்துப் புளித்துத் தயாராக இருக்கும். ஆள் வந்து உட்கார்ந்த பிறகு உளுந்தை ஊறப்போட்டால் எப்படி? கணினியில் நடப்பது அதுதான்.

திரையில் அடுத்தடுத்து வரும் படம் ஒவ்வொன்றும் ஒரு ஃப்ரேம்; விநாடிக்கு 60 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி விநாடி. நீங்கள் ஒரு கதவைத் திறக்கிறீர்கள், உள்ளே இதுவரை திரையில் வராத ஒரு தீப்பொறி. அதன் ஷேடரை மாற்ற 100 மில்லி விநாடி ஆனால் ஆறு ஃப்ரேம் போயிற்று. விளையாட்டு கார்டோடு பேச உதவும் விண்டோஸ் இடைமுகம் டைரக்ட்எக்ஸ்; அதன் 11ஆம் பதிப்புக் காலத்தில் இந்தச் சுமையில் பெரும்பகுதியை டிரைவரே பின்னணியில் சுமந்தது. டைரக்ட்எக்ஸ் 12 அதை விளையாட்டை எழுதுபவர் தலையில் இறக்கியது. கணக்காக எழுதத் தெரிந்தவர்களுக்கு அது வரம். அவசரமாகக் கணினிக்கு மாற்றுகிறவர்களுக்குப் பொறி.

இதற்கு மருந்தாகப் பல விளையாட்டுகள் முதல் தடவை திறக்கும்போதே எல்லா ஷேடரையும் தயாரித்துக்கொள்கின்றன. 2023 மார்ச் 28 அன்று கணினிக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1'-இல் பலருக்கு இது அரை மணி நேரத்துக்கும் மேல் இழுத்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கணினி விளையாட்டு விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பணம் திரும்பக் கேட்க 14 நாள் அவகாசம், ஆனால் ஆடிய நேரம் 2 மணிக்குள் இருக்க வேண்டும். ஷேடர் தயாரிப்பைக் காட்டும் பட்டை ஊர்ந்துகொண்டிருக்கும் அந்த அரை மணி நேரமும் ஆடிய கணக்கில்தான் சேரும். அதற்காகப் பொறுமை இழந்து இடையில் தாண்டிப் போகாதீர்கள். மிச்சம் விட்ட ஷேடர்கள் ஆட்டத்தின் நடுவே வந்து நிற்கும். என்விடியா கார்டு என்றால் அதன் கண்ட்ரோல் பேனலில் ஷேடர் கேஷ் (தயாரித்த ஷேடர்களைச் சேமிக்கும் இடம்) அளவை 10 ஜிபி ஆக்கிவிடுங்கள். தயாரித்து வைத்தது இடமில்லாமல் அழிந்துபோகாது.

ஷேடர் தயாராகும் அந்த நேரத்தில் பிராசசரின் எல்லாக் கோர்களும் (கணக்கிடும் பகுதிகள்) முழு வேகத்தில் ஓடும். விசிறி மட்டும் சுழலும் அறையில் மடிக்கணினியை மெத்தை மேல் வைத்திருந்தால் அடிப்பக்கக் காற்றுவழி அடைபட்டு, சூடேறி, தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வேலை இன்னும் நீளும். மேசைமேல், பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள்.

மேசைக் கணினியில் இதே கட்டத்தில் 'வீடியோ நினைவகம் போதவில்லை' என்று சொல்லி விளையாட்டு மூடிக்கொண்டால் உடனே கார்டைக் குறை சொல்ல வேண்டாம். இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை மேசைக் கணினி ஐ7, ஐ9 பிராசசர்களில், அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் சிப் தேய்ந்துபோன கோளாறு இந்தச் செய்தியாகத்தான் வெளியே தெரிந்தது. கணக்குத் தப்பாக வந்தது பிராசசரில், பழி விழுந்தது கார்டின்மேல். 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வந்த திருத்தத்தை பயாஸ் (தாய்ப்பலகையின் அடிப்படை மென்பொருள்) வழியாகப் போட வேண்டும். அது இனி தேயாமல் காக்கும், தேய்ந்ததை மீட்காது. உத்தரவாதத்தை இன்டெல் 2 ஆண்டு நீட்டித்திருக்கிறது. 1972 முதல் இன்டெல் ஆலை இயங்கும் பினாங்கில் இந்தச் செய்தியைப் பலர் வேலையிடத்துச் செய்தியாகவே படித்திருப்பார்கள்.

அடுத்தது நினைவகம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸில் மொத்தம் 16 ஜிபி, அதில் விளையாட்டுக்கு 13.5. பிஎஸ்5-இலும் 16 ஜிபிதான், வேகம் விநாடிக்கு 448 ஜிபி. இரண்டிலும் பிராசசரும் கிராபிக்ஸ் பகுதியும் ஒரே குளத்தில் தண்ணீர் மொள்கின்றன. கணினியில் குளம் இரண்டு: தாய்ப்பலகையில் ராம், கார்டில் வேறொன்று. நடுவே இருப்பது பிசிஐஇ என்ற வாய்க்கால். நான்காம் தலைமுறை, 16 தடம் என்றால் விநாடிக்குச் சுமார் 32 ஜிபி. அதாவது பிஎஸ்5 நினைவக வேகத்தில் பதினான்கில் ஒரு பங்கு.

கன்சோலுக்காக அளந்து வைத்த படத்துணுக்குகள் (டெக்ஸ்சர்) 8 ஜிபி கார்டில் நிரம்பி வழிந்தால், வழிந்தது ராமுக்குப் போய், தேவைப்படும்போதெல்லாம் அந்த வாய்க்கால் வழியே வர வேண்டியிருக்கும். கார்டு வாங்கும்போது இது முக்கியம். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 வேகமானது, ஆனால் 8 ஜிபி, 8 தடம் மட்டுமே. மூன்றாம் தலைமுறை பிசிஐஇ உள்ள பழைய பலகையில் செருகினால் வாய்க்கால் விநாடிக்குச் சுமார் 8 ஜிபியாகச் சுருங்கிவிடும். அதற்கு முந்தைய தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 3060-இல் 12 ஜிபி வகை உண்டு. இத்தகைய விளையாட்டுகளுக்கு நினைவகம்தான் முதல் கணக்கு, வேகம் அதற்குப் பிறகு.

பிரித்தெடுக்கும் வேலை வேறு. சுருக்கி வைத்த கோப்பை விரிக்க பிஎஸ்5-இல் தனி வன்பொருள் இருக்கிறது. அந்த வேலைக்கு பிஎஸ்5 பிராசசரில் உள்ள ஏஎம்டியின் ஜென் 2 வகைக் கோர் ஒன்பது வேண்டியிருக்கும் என்று அதை வடிவமைத்த மார்க் செர்னி 2020-இல் கணக்குச் சொன்னார். கணினியில் பெரும்பாலும் அதைச் செய்வது விளையாட்டையும் ஓட்டிக்கொண்டிருக்கும் அதே ஆறு அல்லது எட்டு கோர்கள்தான்.

எது உங்கள் கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரே தெருவில் இரண்டு முறை நடந்து பாருங்கள். முதல் முறை திக்கி, இரண்டாம் முறை திக்காவிட்டால் ஷேடர். ஒவ்வொரு முறையும் அதே எல்லையில் திக்கினால் புதிய பகுதியை ஏற்றும் திக்கல். அது உருவாக்கியவர்கள் தீர்க்க வேண்டியது, நீங்கள் செய்யக்கூடியது விளையாட்டை எஸ்எஸ்டிக்கு மாற்றுவது மட்டும். அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மோசமானால் நினைவகம். விண்டோஸ் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பக்கத்தைத் திறந்தால் 'டெடிகேட்டட்' (கார்டின் நினைவகம்), 'ஷேர்டு' (ராமிலிருந்து எடுத்தது) என்று இரண்டு கோடுகள் தெரியும். முதலாவது உச்சியில் நிற்க இரண்டாவது ஏறிக்கொண்டே போனால் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். ரெசல்யூஷனைக் குறைப்பதைவிட இது அதிகம் மிச்சம் பிடிக்கும். பின்னால் திறந்து கிடக்கும் பிரவுசரையும் மூடுங்கள்.

சில விளையாட்டுகள் ஃப்ரேமை வைத்தே உலகத்தின் கடிகாரத்தை ஓட்டுகின்றன. 'டார்க் சோல்ஸ் 2'-இல் கன்சோலில் 30 ஃப்ரேமுக்கு வகுத்த வாள் தேய்மானம், கணினியில் 60-இல் ஓடியபோது இரட்டிப்பு வேகத்தில் தேய்ந்தது. 2015-இல்தான் சரிசெய்தார்கள். 'எல்டன் ரிங்' 60-ஐத் தாண்டாது. இந்தப் பூட்டை உடைக்கும் மோட் (ரசிகர்கள் எழுதிய மாற்று நிரல்) உண்டு, ஆனால் ஏமாற்றுத் தடுப்பு நிரலை அணைத்து, இணைய ஆட்டத்துக்குப் போகாமல்தான் ஆட வேண்டும். மீறினால் கணக்குக்குத் தடை வரலாம்.

சிப்புக்கும் நினைவகத்துக்கும் தொடர்பே இல்லாத தடைகளும் உண்டு. 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' ஆட பிளேஸ்டேஷன் நெட்வொர்க் கணக்கு கட்டாயம் என்று சோனி அறிவித்தது. அந்தச் சேவையே இல்லாத 170-க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பகுதிகளிலும் ஸ்டீமில் விற்பனை நின்றது. எதிர்ப்பு கிளம்பிச் சில நாட்களில் கட்டாயம் போய்விட்டது. மலேசியாவில் சேவை உண்டு. பக்கத்திலிருக்கும் பிலிப்பைன்ஸ் மாட்டிக்கொண்டது. கணக்கு திறக்கும்போது நாட்டைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்ற முடியாது.

பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கையாளியைக் கணினியில் இணைத்து, அதன் நுண் அதிர்வும் இறுகும் விசையும் வேண்டுமென்றால் பெரும்பாலான விளையாட்டுகளில் யூஎஸ்பி கேபிள் போட்டே ஆக வேண்டும். அந்த அதிர்வு ஒலிச் சமிக்ஞையாகக் கேபிள் வழியே போகிறது. ப்ளூடூத்தில் வெறும் நடுக்கம் மட்டும் மிஞ்சும். சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கேபிளைச் செருகிவிட்டுக் கையாளியைத் திட்டாதீர்கள், தரவும் கடத்தும் கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.