சொல் விளக்கம்: லோக்கல் லூப் அன்பண்ட்லிங்

பிரிட்டனின் வீட்டு இணையச் சந்தையைப் பற்றிப் படிப்பவர்கள் ‘லோக்கல் லூப் அன்பண்ட்லிங்’ என்ற தொடரைத் தாண்டிச் செல்ல முடியாது. ஒரு நிறுவனத்துக்குச் சொந்தமான தொலைபேசிக் கம்பியைப் போட்டி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து, தம் கருவிகளை அதனுடன் இணைத்து, தம் பெயரிலேயே அகலக்கற்றைச் சேவையை விற்பதற்கு வழிசெய்யும் ஏற்பாட்டை அது குறிக்கிறது.

செப்புக் கம்பித் தொலைபேசி அமைப்பில், தொலைபேசி நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் இணைச் செப்புக் கம்பி செல்கிறது. ரிசீவரைத் தூக்கியதும் நிலையத்திலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஒரு கம்பியில் வந்து மற்றதில் திரும்புகிறது. அந்த மூடிய சுற்றுதான் ‘லூப்’. ‘பண்டில்’ என்பது கட்டு, மூட்டை என்று பொருள்படும். ‘கட்டுதல்’ என்ற வினையோடு உறவுடைய பழைய ஜெர்மானியச் சொல் அது. அந்தக் கட்டை அவிழ்ப்பதே ‘அன்பண்ட்லிங்’. கணினியோடு சேர்த்தே கொடுத்துவந்த மென்பொருளுக்குத் தனி விலை வைக்க ஐபிஎம் 1969இல் எடுத்த முடிவு ‘அன்பண்ட்லிங்’ என்றே அறியப்பட்டது. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் இதே கருத்தைத் தொலைபேசி வலையமைப்புக்குக் கொண்டுவந்தது. 2000 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அதைத் தன் உறுப்பு நாடுகளுக்கு ஒழுங்குவிதியாகவே பிறப்பித்தது.

பிரிட்டனில் இதன் தேவை வெளிப்படையானது. தொலைபேசிச் சேவை அரசின் கையில் இருந்தபோது நாடெங்கும் பதிக்கப்பட்ட கம்பிகள், 1984இல் தனியார்மயமான பிடி (பிரிட்டிஷ் டெலிகாம்) நிறுவனத்தின் கைக்கு அப்படியே சென்றன. தெருவைத் தோண்டி நாடு முழுவதும் இன்னொரு செப்பு வலையை இடுவது எந்தப் போட்டியாளருக்கும் கட்டுப்படியாகாது. கம்பியைத் திறந்துவிடச் சட்டம் சொன்ன பிறகும் வேலை மெதுவாகவே நடந்தது. கம்பியின் உரிமையாளரே சில்லறை விற்பனையிலும் போட்டியாளராக இருந்ததே அதற்கு முக்கியக் காரணம் என்பேன். ஆகவே, ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமிடம் பிடி 2005இல் அளித்த உறுதிமொழிகளின்படி, 2006 ஜனவரியில் ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவு உருவானது. பிடியின் சொந்த விற்பனைப் பிரிவுக்கு எந்த விலையில், எந்தக் காலக்கெடுவில் கம்பி கிடைக்கிறதோ அதே விலையிலும் காலக்கெடுவிலும் மற்றவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை விதி. போட்டி நிறுவனங்களான டாக்டாக்கும் ஸ்கையும் வீட்டு இணையச் சந்தையில் வேகமாக வளர்ந்தது அதன் பின்னர்தான்.

நிலையத்துக்குள் நடக்கும் வேலை மிகச் சிறியது. எல்லா வீட்டுக் கம்பிகளும் வந்து முடியும் பெரிய இரும்புச் சட்டகத்தில், ஒரு வீட்டின் இணைக்கம்பியைப் பிடியின் கருவியிலிருந்து கழற்றி, அதே கட்டடத்தில் வாடகை இடத்தில் நிற்கும் போட்டியாளரின் கருவிக்கு மாற்றி இணைப்பார்கள். வீட்டுக்கு வரும் கம்பி இருந்த இடத்திலேயே இருக்கும். அதன் உரிமையும் மாறாது. தமிழாக்கம் செய்பவர் மனத்தில் இருத்த வேண்டியது இதையே.

‘உள்ளூர்ச் சுற்றுப் பிரிப்பு’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், ஊரைச் சுற்றிய எதையோ பங்கு போட்டதாகவே வாசகர் எண்ணுவார். கால்வாயின் கடைசிப் பாசனப் பகுதிக்கு நம் உழவர்கள் வைத்திருக்கும் ‘கடைமடை’ என்ற சொல் இங்கே மிகவும் பொருந்துகிறது. தலைமடையில் இருப்பவர் விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர். வீட்டு வாசலுக்கு வரும் கம்பியின் நிலையும் அதுவே. உரிமை கைமாறாமல் பயன்பாடு மட்டும் திறக்கப்படுவதால் ‘பிரிப்பு’ என்பதைவிட ‘விடுவிப்பு’ நேரானது. ஆகவே, ‘கடைமடை இணைப்பு விடுவிப்பு’ என்பதே என் பரிந்துரை.

ஆனால் இச்சொல்லைச் செப்புக் கம்பிக்கு மட்டுமே ஆள வேண்டும். இன்று பரவலாக உள்ள ஒளியிழை அமைப்பில் ஓர் இழையில் வரும் ஒளி நடுவழியிலேயே பல வீடுகளுக்குப் பகிரப்படுவதால், ஒரு வீட்டுக்கான இழையை மட்டும் நிலையத்தில் கழற்றி இன்னொருவரிடம் தர இயலாது. அங்கே போட்டியாளர் பெறுவது ஓப்பன்ரீச்சின் கருவி வழியாக ஒதுக்கப்படும் ‘மெய்நிகர் அணுக்கம்’. ஓப்பன்ரீச்சின் நிலத்தடிக் குழாய்களிலும் கம்பங்களிலும் மற்ற நிறுவனங்கள் தம் சொந்த இழையை இட்டுச் செல்வதற்கோ ‘குழாய், கம்பப் பகிர்வு’ என்பதே போதும்.