இல்லாத கம்பியை மீட்டுவது எப்படி?

பிசிக்கல் மாடலிங் என்பது கணக்குப் போட்டே வாத்திய ஒலியை உருவாக்கும் ஒரு சின்தசைசர் முறை. அந்தச் சின்தசைசருக்குள் பதிவு செய்த வாத்தியச் சத்தம் எதுவும் இருக்காது, கம்பி எப்படி அதிரும் என்கிற கணக்குதான் இருக்கும். அதனால் தொனியை மாற்ற நினைத்தால் கம்பியை எங்கே மீட்டினோம், எதனால் மீட்டினோம், அதிர்வு எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்பதையெல்லாம் மாற்ற வேண்டும். எனக்கு இந்த முறை பிடித்துப்போனதே இதனால்தான்.

இருப்பதிலேயே எளிமையான கணக்கைக் கணினி ஆய்வாளர்கள் கெவின் கார்ப்ளஸும் அலெக்ஸ் ஸ்ட்ராங்கும் 1983-ல் வெளியிட்டார்கள். ஒலி நொடிக்கு 44,100 எண்களாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 எண்களைத் தாறுமாறாக வரிசையில் நிரப்புங்கள், அதுதான் மீட்டல். அப்புறம் முதல் எண்ணை எடுத்து ஸ்பீக்கருக்கு அனுப்பி, அதற்கும் அடுத்த எண்ணுக்கும் சராசரி பார்த்து, அதை வரிசையின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான். வரிசை நொடிக்குச் சுமார் 110 முறை சுற்றும், கிடாரின் ஐந்தாவது கம்பியின் சுருதி கேட்கும்.

அந்தச் சராசரிதான் உயிர். வேகமான நெளிவுகளை அது ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மழுக்குகிறது. அடிப்படைச் சுரத்தைப் போல இரண்டு, மூன்று என்று முழு மடங்கு வேகத்தில் அதிரும் ஒலிகளைச் சீரிசைகள் என்பார்கள். ஒரு நொடியில் 20-ஆவது சீரிசை கால்வாசியாகக் குறைந்திருக்கும், அடிப்படைச் சுரமோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். நிஜக் கம்பியும் இப்படித்தான், பளிச்சென்று தொடங்கி மெல்ல மங்கும். அந்தச் சராசரியைச் சுற்றுக்கு ஒருமுறை 0.99-ஆல் பெருக்கினால் ஒரு நொடியில் சத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும், 0.999 என்றால் பத்தில் ஒன்பது பங்கு மிஞ்சும். இந்தப் பெருக்கும் எண்ணை மாற்றும் நாபைத் துளி திருப்பினாலே வேறு வாத்தியமாகிவிடுவது இதனால்தான்.

மீட்டும் இடம் இன்னும் சுவாரசியம். கம்பியை ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் மீட்டினால் 5, 10, 15-ஆவது சீரிசைகள் எழாது. கணக்கில் இதைக் கொண்டுவர, நிரப்பிய எண்களிலிருந்து அதே எண்களை 80 இடம் தள்ளிக் கழித்தால் போதும். நடுவில் மீட்டுவதற்கு 200 இடம், இரட்டைப்படை சீரிசைகள் எல்லாம் போய்ச் சத்தம் உள்ளீடற்றதாகக் கேட்கும். விரல் நுனியின் மென்மை வேண்டுமென்றால் எண்களை நிரப்பும் முன்பே மழுக்கிவிடலாம்.

சரி, தம்புரா? இங்கே இந்தக் கணக்கு தோற்றுப்போகிறது. வீணையிலும் தம்புராவிலும், மீட்டும் இடத்தைப் பார்த்தால் எழவே கூடாத சீரிசைகள் எழுகின்றன என்று சி. வி. ராமன் 1921-லேயே எழுதினார். காரணம், கம்பியைத் தாங்கும் அகலமான, வளைந்த குதிரை. கம்பி அதிரும்போது அதன்மேல் படிந்து படிந்து விலகுவதால், கீழ்ச் சீரிசைகளின் ஆற்றல் மேலே ஏறிக்கொண்டே இருக்கிறது. சராசரி போன்ற மழுக்கும் ஃபில்டரால் இல்லாததை உண்டாக்க முடியாது. எனவே வரிசையின் நீளமே அதிர்வின் அளவைப் பொறுத்து ஒவ்வொரு சுற்றிலும் மிக லேசாகக் கூடிக் குறைய வேண்டும். எவ்வளவு கூடிக் குறைய வேண்டும் என்பதைக் காதால்தான் பிடிக்க முடியும், தம்புராவில் கம்பிக்கடியில் நூலை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி ரீங்காரம் எழும் இடத்தைத் தேடுவது போலவே.