இ.எம்.டி.: அச்சாரமா, முன்வைப்பா?

என் மாமா ஒருவர் இரும்புக் கட்டில் பட்டறை வைத்திருக்கிறார். ஐந்து பேர் வேலை செய்யும் இடம். விடுதிகளுக்குக் கட்டில், பீரோ செய்து கொடுப்பதுதான் பிழைப்பு. டெண்டர் விளம்பரம் எதை நீட்டினாலும் எத்தனை கட்டில் என்று அவர் முதலில் பார்க்க மாட்டார். “இ.எம்.டி. எவ்வளவு போட்டிருக்கான்?” என்பதுதான் முதல் கேள்வி. அந்தப் பணம் புரளும் என்று தோன்றினால்தான் மேற்கொண்டு படிப்பார்.

ஏர்னஸ்ட் மணி டெபாசிட் என்பதன் சுருக்கம்தான் இ.எம்.டி. அரசு ஒரு பொருளையோ சேவையையோ வாங்க டெண்டர் விடும்போது, விலை கொடுக்க வருகிறவர் கூடவே கட்ட வேண்டிய தொகை. விலையைக் கொடுத்துவிட்டுப் பாதியில் பின்வாங்கினாலோ, டெண்டர் கிடைத்த பிறகு ஒப்பந்தம் போட வராமல் போனாலோ அந்தத் தொகை அரசுக்குப் போய்விடும். கிடைக்காதவர்களுக்குத் திரும்ப வரும். மத்திய அரசின் பொது நிதி விதிகள் (2017) 170-ஆம் விதியில், கொள்முதலின் மதிப்பீட்டில் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரை இதை வாங்கலாம் என்கின்றன. 40 லட்ச ரூபாய் டெண்டர் என்றால் குறைந்தது 80,000 ரூபாய். வேலை இன்னொருவருக்குப் போன பிறகு, உத்தரவு கொடுத்த 30 நாளுக்குள் தோற்றவர்கள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்பது விதி. டெண்டர் போட்ட நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் அது மாதக் கணக்காக நீளும். அதுவரை பணம் சும்மா கிடக்கும், வட்டியில்லாமல். ஒரே சமயத்தில் மூன்று டெண்டர் போட்டால் பட்டறையில் தகடு வாங்க வைத்திருந்த பணம் மூன்று அலுவலகங்களின் அலமாரியில் இருக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ‘ஏர்னஸ்ட்’ என்றதும் ஊக்கம், அக்கறை என்ற பொருள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அக்கறையோடு வருகிறவர் கட்டும் பணம், அதனால் ஏர்னஸ்ட் மணி என்று டெண்டர் வகுப்புகளில் விளக்கம் சொல்பவர்களையும் பார்த்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவை இரண்டு வேறு சொற்கள். அக்கறையைக் குறிக்கும் சொல் ஜெர்மானிய வேரில் பிறந்தது. பணத்தைக் குறிக்கும் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து ‘எர்னெஸ்’ என்ற வடிவில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஒலி ஒத்துப்போனதால் கடைசியில் ஒரு ‘ட்’ ஒட்டிக்கொண்டு இரண்டும் ஒன்றாகிவிட்டன. பிரெஞ்சுக்கு முன்னால் இலத்தீனில் ‘அர்ரா’. அதற்கும் முன்னால் கிரேக்கத்தில் ‘அர்ராபோன்’. கிரேக்கர்களோ அதைச் செமித்திய மொழி பேசியவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். எபிரேயத்தில் இன்னும் ‘எராபோன்’ என்ற உறவுச் சொல் இருக்கிறது, பொருள், அடகு. இன்றைய கிரேக்கத்தில் அதே சொல் ‘அரவோனாஸ்’ என்றாகிக் கல்யாண நிச்சயதார்த்தத்தைக் குறிக்கிறது. பேரம் பேசி முடித்ததற்கு அடையாளமாகக் கையில் வைத்த பணம், பெண் பேசி முடித்ததற்கும் பெயராகிவிட்டது. நம் ஊரில் பரிசம் போடுவதை நினைத்துக்கொண்டால் இது ஒன்றும் வியப்பாக இருக்காது.

தமிழில் இதற்கு நேர்ச்சொல் தேட வேண்டியதே இல்லை: அச்சாரம். வீடு பேசினால் அச்சாரம், மாடு பேசினால் அச்சாரம், நாதஸ்வரக் கச்சேரிக்கும் அச்சாரம். பவுலின் நிருபங்களில் ‘அர்ராபோன்’ வரும் இடங்களில் பழைய தமிழ் விவிலியம் ‘அச்சாரம்’ என்றுதான் போட்டது. அந்த மொழிபெயர்ப்பாளரின் காது நல்ல காது. அச்சாரத்தின் வேர் பற்றி ஒரு விளக்கம் உண்டு: வடமொழியின் ‘சத்யங்காரம்’ திரிந்து வந்தது என்பது. சத்யங்காரம் என்றால் உண்மையாக்குவது, பேச்சை மெய்யாக்குவது. கன்னடத்தில் ‘சஞ்சகார’ என்றும் தெலுங்கில் ‘சஞ்சகரவு’ என்றும் இதே பொருளில் சொற்கள் உண்டு.

யாக்ஞவல்கிய ஸ்மிருதி என்ற பழைய வடமொழி நீதி நூலில் இந்தச் சத்யங்காரத்துக்கு ஒரு விதி இருக்கிறது. பேச்சு மாறினால் அச்சாரமாக வாங்கியதை இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1804-இல் வந்த பிரெஞ்சுக் குடிமைச் சட்டமும் இதே பேச்சைப் பேசுகிறது: அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் கொடுத்தது போச்சு, வாங்கியவர் பின்வாங்கினால் இரண்டு மடங்கு தர வேண்டும். இரண்டு பக்கமும் கட்டுப்பட்ட பணம் அது.

இங்கேதான் எனக்கு இடிக்கிறது. அச்சாரம் யார் கொடுப்பது? வாங்குகிறவர். மாடு வாங்குகிறவர் மாட்டுக்காரர் கையில் கொடுப்பார். எப்போது கொடுப்பது? விலை படிந்த பிறகு. டெண்டரில் இரண்டுமே தலைகீழ். கட்டிலை விற்க வந்த மாமா, வாங்கப் போகிற அரசிடம் பணம் கட்டுகிறார். அதுவும் விலை படிவதற்கு முன்னால், கவர் பிரிப்பதற்கும் முன்னால். மாட்டுக்காரர் பத்துப் பேர், வாங்க வந்த ஒருவரிடம் ஆளுக்கு ஆயிரம் கட்டிவிட்டு வரிசையில் நிற்பதுபோல. அரசு பின்வாங்கி டெண்டரை ரத்து செய்தால் கட்டிய பணம் திரும்ப வரும், அவ்வளவுதான். இரட்டிப்பெல்லாம் கிடையாது. அரசுக்கு இப்படி ஒரு தொகை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. விளையாட்டுக்கு விலை போட்டுவிட்டு ஓடுபவர்களைத் தடுக்க ஏதாவது வேண்டும்தான். ஆனால் பெயர் பொருந்தவில்லை. 170-ஆம் விதியே இதற்கு முதற்பெயராக வைத்திருப்பது ‘பிட் செக்யூரிட்டி’, அதாவது விலைப்புள்ளிக்கான பிணை. இ.எம்.டி. என்பது அங்கே மறுபெயர்தான்.

பெயரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிடவும் முடியாது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. மௌலா பக்ஷ் என்ற ஒப்பந்தக்காரர் 1947-இல் ராணுவத்துக்கு உருளைக்கிழங்கு கொடுக்க ஒன்றும், கோழி, முட்டை, மீன் கொடுக்க ஒன்றுமாக இரண்டு ஒப்பந்தம் போட்டார். 10,000 ரூபாயும் 8,500 ரூபாயும் கட்டியிருந்தார். சரக்கு ஒழுங்காக வரவில்லை என்று அரசு ஒப்பந்தத்தை முறித்து இரண்டு தொகையையும் எடுத்துக்கொண்டது. 1969-இல் வந்த தீர்ப்பு இரண்டு வகைப் பணத்தைப் பிரித்துக் காட்டியது. விலை படிந்ததற்கு அடையாளமாகக் கொடுப்பது அச்சாரம்; வேலை நடந்தால் விலையில் கழியும், கொடுத்தவர் தவறினால் போகும். ஒப்பந்தத்தைச் சரியாக நிறைவேற்றுவதற்கு ஈடாகக் கட்டுவது பிணை. அதை எடுத்துக்கொள்வது தண்டத்தொகை போன்றது, எனவே ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுக்குக் கட்டுப்படும், இழப்பு என்னவென்று காட்ட வேண்டும். மௌலா பக்ஷ் கட்டியது இரண்டாவது வகை என்று நீதிமன்றம் சொன்னது. அரசு இழப்பைக் காட்டவில்லை. உருளைக்கிழங்கு வேறு யாரிடம் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்று காட்டியிருந்தாலே போதும், அதுவும் இல்லை. வென்றது மௌலா பக்ஷ்.

அதனால் தமிழில் பெயர் வைக்கும்போதும் கொஞ்சம் கவனம் வேண்டும். புழக்கத்தில் நான் பார்த்தவை பல. கோயில் கடை ஏலம், உள்ளாட்சிக் குத்தகை அறிவிப்புகளில் ‘டேவணித் தொகை’ என்று இருக்கும். சின்ன வயதில் ‘தேவாணி’ என்று ஏதோ சாமி பெயர் என்று நினைத்திருந்தேன். மராத்தியில் ‘டேவ்’ என்றால் வைப்புத்தொகை, ‘டேவணே’ என்றால் வைப்பது. தஞ்சையை மராட்டியர் ஆண்ட நாட்டில் இந்தச் சொல் அலுவலகத் தமிழுக்குள் புகுந்ததில் ஆச்சரியம் இல்லை. பொருளும் சரிதான், ஆனால் இன்று கேட்பவர்களில் பாதிப் பேருக்கு விளங்காது. இலங்கைத் தமிழில் தேர்தலுக்குக் கட்டுவதைக் ‘கட்டுப்பணம்’ என்பார்கள். டெண்டருக்கு ‘கேள்விப்பத்திரம்’, ‘விலைமனு’ என்று அழகான சொற்கள் அங்கே இருக்கின்றன. நம் பக்கம் ‘முன்பணம்’ என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது சுத்தமாகத் தவறு. முன்பணம் என்றால் வேலை செய்பவருக்குக் கொடுப்பது. இது வேலை கேட்பவரிடம் வாங்குவது. ‘பிணைத்தொகை’ என்று போட்டால் டெண்டர் கிடைத்த பிறகு தனியாகக் கட்டும் தொகையோடு குழம்பும்.

தமிழ்நாடு அரசு அறிவிப்புகளில் ‘முன்வைப்புத் தொகை’ என்று அச்சாகிறது. என் ஓட்டு அதற்குத்தான். முன்னால் கட்டுவது, வைப்பாக இருப்பது, திரும்ப வருவது என்று மூன்றும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது. யார் யாருக்குக் கொடுப்பது என்று அது சொல்லவில்லை, போகட்டும். அச்சாரத்தை மாட்டுச் சந்தைக்கே விட்டுவிடலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது கட்டும் பெரிய தொகைக்கு ‘பிணை வைப்புத் தொகை’ என்றோ ‘ஒப்பந்தக் காப்புத்தொகை’ என்றோ இருக்கட்டும்.

இந்தத் தலைகீழ்ச் சுமை சின்னப் பட்டறைகளை நசுக்குகிறது என்பது அரசுக்கும் தெரியும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்தின்கீழ் 2012 மார்ச்சில் ஒரு கொள்முதல் ஆணை வந்தது. மத்திய அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 20 சதவீதத்தைக் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்க வேண்டும் என்றது. 2015 ஏப்ரலில் அது கட்டாயமானது. 2019 ஏப்ரலிலிருந்து 25 சதவீதம்; அதில் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் நிறுவனங்களுக்கு 4, பெண்கள் நடத்துபவற்றுக்கு 3. 358 பொருள்கள் இவர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டன. டெண்டர் படிவம் இலவசம். முன்வைப்புத் தொகை வேண்டாம்.

இன்னொரு சலுகையும் உண்டு, பலருக்கும் தெரியாது. குறைந்த விலை கொடுத்தவர், அதாவது எல்-1, பெரிய கம்பெனி என்று வையுங்கள். ஒரு கட்டிலுக்கு 10,000 கேட்கிறார். மாமா 11,400 கேட்டிருக்கிறார். 15 சதவீதத்துக்குள் இருப்பதால், 10,000-க்கே தருகிறேன் என்று மாமா இறங்கி வந்தால் மொத்தத்தில் கால் பங்கு வரை அவருக்குக் கொடுக்கலாம். இறங்கி வந்தால் லாபம் நிற்குமா என்பது வேறு கணக்கு.

விலக்கு பெற உத்யம் பதிவு வேண்டும், அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு. 2025 ஏப்ரலிலிருந்து, இயந்திர முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறு. 25 கோடி, 100 கோடிக்குள் என்றால் சிறு. ‘நடுத்தரம்’ ஆகிவிட்டால் இந்த விலக்கு கிடையாது. கட்டுமான வேலைகளுக்கும் இந்த ஆணை பொருந்தாது.

மாமா மாட்டியது இன்னொரு இடத்தில். மத்திய அரசு விடுதி ஒன்றுக்கான கட்டில் டெண்டரில் உத்யம் சான்றிதழை வைத்து, முன்வைப்பு கட்டாமல் போட்டுவிட்டார். தகுதிக் காகிதங்கள் இருக்கும் தொழில்நுட்பக் கவரைத்தான் முதலில் பிரிப்பார்கள், விலைக் கவர் அதற்குப் பிறகு. தொழில்நுட்பக் கவர் பிரித்த அன்று போனோம். அந்த அலுவலர் சான்றிதழைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்து ஒரு வரியில் விரலை வைத்தார்.

“டிரேடிங்னு போட்டிருக்கே ஐயா.”

“தம்பி, நான் வெல்டிங் அடிக்கிறவன். கையைப் பாருங்க.”

“கையைப் பார்த்து நான் எழுத முடியாதுங்க. பேப்பர்ல வியாபாரின்னு இருக்கு.”

பதிவு செய்துகொடுத்த பிரவுசிங் சென்டர் பையன், மாமா கட்டிலோடு மெத்தையும் வாங்கி விற்பதைக் கேட்டுவிட்டு வணிகம் என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறான். 2021 ஜூலையிலிருந்து வியாபாரிகளும் உத்யமில் பதியலாம், ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடனில் முன்னுரிமை மட்டும்தான். கொள்முதல் சலுகைகள் இல்லை. விலைக் கவர் பிரிக்கப்படவே இல்லை. அலுவலர் மீது குற்றம் சொல்ல முடியாது. விதி தயாரிப்பவரைக் காக்கத்தான் எழுதப்பட்டது, காகிதத்தில் மாமா தயாரிப்பவராக இல்லை.

இடையில் ஓர் ஆண்டு எல்லாருக்குமே இந்தச் சுமை இல்லாமல் இருந்தது. கொரோனாவில் பணப்புழக்கம் வற்றியபோது, 2020 நவம்பரில் நிதி அமைச்சகம் 2021 டிசம்பர் வரை முன்வைப்புத் தொகையே வாங்க வேண்டாம் என்றது. அதற்குப் பதில் ஓர் உறுதிமொழிப் பத்திரம்: பின்வாங்கினால் இத்தனை காலத்துக்கு என்னை டெண்டரில் சேர்க்க வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து. சத்யங்காரம் என்ற சொல்லில் பணத்தை எடுத்துவிட்டுச் சத்தியத்தை மட்டும் வைத்துக்கொண்டதுபோல இருந்தது எனக்கு. விலக்கு பெறும் சிறு நிறுவனங்களிடம் இன்றும் பல அலுவலகங்கள் இந்தப் பத்திரத்தை வாங்குகின்றன.

மாமா உத்யமில் ‘உற்பத்தி’ என்று திருத்தினார். திருத்தக் கட்டணம் எதுவும் இல்லை. பையனுக்குத்தான் நூறு ரூபாய். அடுத்த டெண்டரில் விலக்கு கிடைத்தது, 60 கட்டிலுக்கு உத்தரவும் வந்தது. உத்தரவின் இரண்டாம் பக்கத்தில் பிணை வைப்புத் தொகை கட்டச் சொல்லி நாள் குறித்திருந்தார்கள். “இதுக்கும் விலக்கு கேட்கலாமா?” என்றார். இது வேற பணம் மாமா, இதுக்கு விலக்கு இல்லை என்றேன். பேங்குக்குப் போய் எஃப்.டி. போட டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.