மீன்தொட்டிச் செடியைப் பாசி ஏன் முந்துகிறது?

இரண்டடி மீன்தொட்டியில் செடி வளர்க்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "கடையில் தந்த பாசி மருந்தை மூன்று முறை ஊற்றிவிட்டேன். ஒரு வாரம் காணாமல் போகிறது, அப்புறம் திரும்ப வந்துவிடுகிறது. கண்ணாடி, இலை எல்லாம் பச்சை. என்ன செய்வது?"

வெளிச்சமும் உரமும் கார்பன் டை ஆக்சைடும் செடிக்கும் வேண்டும், பாசிக்கும் வேண்டும். விளக்கு நாம் போடுகிறோம். உரம் மீன் கழிவிலிருந்தே வந்துவிடும். தட்டுப்பாடு கார்பன் டை ஆக்சைடில்தான். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவும். இலையை ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று வேறு இருக்கிறது. பக்கத்தில் இருந்ததை உறிஞ்சிவிட்டால், அடுத்தது அந்தப் படலத்தைக் கடந்து வரும்வரை இலை காத்துக் கிடக்க வேண்டும். பாசி அப்படிக் காத்திருப்பதில்லை.

பள்ளியில் ஸ்பைரோகைரா வரைந்தது நினைவிருக்கிறதா? சுருள் சுருளான பசுங்கணிகத்தில் இடையிடையே சின்ன வட்டம் போட்டு 'பைரினாய்டு' என்று பாகம் குறித்தோம். ஸ்டார்ச் சேரும் இடம் என்று ஒரே வரியில் பாடம் முடிந்தது. பாசியின் உடம்பிலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான்.

கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதி ரூபிஸ்கோ. நொடிக்குச் சில மூலக்கூறுகளைத்தான் பிடிக்கும். நடுநடுவே ஆக்சிஜனையும் தவறாகப் பிடித்துவிடும். பச்சைப் பாசி இந்த நொதியைப் பைரினாய்டுக்குள் நெருக்கி அடைத்து வைக்கிறது. நீரில் கார்பன் டை ஆக்சைடு தீர்ந்தாலும், அது கரைந்து மாறிய வடிவமான பைகார்பனேட் இருக்கும். உப்புப் படியும் போர் தண்ணீரில் கேட்கவே வேண்டாம். பாசி ஆற்றலைச் செலவழித்து அதைச் செல்லுக்குள் இறைத்துக்கொள்கிறது. பைரினாய்டுக்குள் ஊடுருவும் நுண்குழாய்களில் இன்னொரு நொதி அதைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. வெளியே வரும் வாயுவைச் சுற்றி எங்கு பார்த்தாலும் ரூபிஸ்கோ! நழுவப் பார்த்தால் ஸ்டார்ச் சுவர் மறிக்கிறது. கிளாமிடோமோனாஸ் என்ற ஒற்றைச் செல் பாசியில் இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தப் பைரினாய்டு கெட்டி உருண்டை இல்லை, திரவத் துளி போன்றது என்று 2017-ல் வந்த ஆய்வு காட்டியது. செல் பிரியும்போது துளியும் இரண்டாகப் பிரிகிறது.

உலகில் ஒளிச்சேர்க்கை பிடிக்கும் கார்பனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பைரினாய்டுகள் வழியாகப் போவதாக மதிப்பிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டைப் பயிர்களுக்குள் கொண்டுவரவும் முயற்சி நடக்கிறது. இந்தியப் பாசியியலின் தந்தை எனப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். அந்த மரபுள்ள ஊரில் நன்னீர்ப் பாசி ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

சரி, தொட்டிக்கு வருவோம். மருந்தை நிறுத்துங்கள். செத்த பாசி அழுகி மறுபடி உரமாகிறது; மருந்தில் தாமிரம் இருந்தால் இறாலும் நத்தையும் சாகும். விளக்கை ஆறேழு மணி நேரத்துக்குமேல் எரியவிடாதீர்கள். வாஸ்துவுக்காக ஈசான மூலை ஜன்னலோரம் தொட்டி வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள். வாஸ்துவுக்கு எந்த ஆதாரமும் கிடையாது; அங்கே காலை வெயில் நேராக விழுந்து பாசியைத்தான் வளர்க்கும்.

அடுத்தது செடி. ஜாவா மாஸ் போன்ற மாஸ் வகைச் செடிகளால் பைகார்பனேட்டைப் பயன்படுத்த முடியாது. வாலிஸ்னேரியாவாலும் ஹைட்ரில்லாவாலும் முடியும். புனலைக் கவிழ்த்துக் குமிழி எண்ணும் பள்ளிச் சோதனையில், ஹைட்ரில்லா இருக்கும் நீரில் ஒரு சிட்டிகை சோடியம் பைகார்பனேட் போட்டோமே, அதே செடிதான். மிதக்கும் செடிகளுக்கு இந்தக் கவலையே இல்லை, காற்றிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும், கீழே நிழலும் தரும்.

ஹைட்ரில்லாவில் ஒரு பிடி வாங்கி நன்றாக அலசி நடுங்கள். மளமளவென்று வளரும். வாரம் ஒருமுறை நுனியை வெட்டித் தொட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். பாசிக்குப் போயிருக்க வேண்டிய நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு வெளியே போய்விடும்.