தலைப்பில் 304, கணக்கில் 285: என்பிஏ சம்பள ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி?

2023 ஜூலையில் பாஸ்டன் செல்டிக்ஸ் அணி ஜெய்லன் பிரவுனின் ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டித்தது. 304 மில்லியன் டாலர், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம் என்று ஊடகங்கள் எழுதின. அடுத்த ஆண்டு அது நடைமுறைக்கு வந்தபோது மொத்தத் தொகை 285.4 மில்லியன். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் 150 கோடி ரூபாய்க்கு மேல் குறைந்துவிட்டது. அணி ஏமாற்றவில்லை. பிரவுன் ஆட்டத்தில் சோடை போகவும் இல்லை. சொல்லப்போனால் 2024 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதே அவருக்குத்தான்.

ஒப்பந்தம் போட்ட அன்று 304 என்பது வெறும் ஊகம். பேசி முடித்தது ஒரு சதவீதத்தை மட்டுமே: முதல் ஆண்டுச் சம்பளம், அந்தப் பருவத்துக்கு லீக் அறிவிக்கும் அணிச் சம்பள வரம்பில், அதாவது சாலரி கேப்பில், 35 சதவீதம். வரம்பு எவ்வளவு என்பது 2024 கோடையில்தான் தெரியும். அது 10 சதவீதம் ஏறும் என்று கணித்து 304 என்று எழுதினார்கள். ஏறியது 3.4 சதவீதம்கூட இல்லை.

இந்தக் கணக்கைப் போடக் கால்குலேட்டர் போதும். முதல் ஆண்டுச் சம்பளம் = வரம்பு × சதவீதம். சொந்த அணியுடன் நீட்டிக்கும் ஆட்டக்காரருக்கு அதன்பின் ஆண்டுதோறும் 8 சதவீதம் வரை உயர்வு கிடைக்கும். ஆனால் அந்த 8 சதவீதம் எப்போதும் முதல் ஆண்டுச் சம்பளத்தின் மேல்தான். கூட்டு வட்டி மாதிரி உயர்வுக்கு மேல் உயர்வு கிடையாது. ஆகவே ஐந்து ஆண்டுக்கு 1 + 1.08 + 1.16 + 1.24 + 1.32 = 5.8. நான்கு ஆண்டுக்கு 4.48. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டால் உச்சச் சம்பளச் செய்தி எது வந்தாலும் சரிபார்த்துவிடலாம்.

பிரவுன்: 2023-24 வரம்பு 136.021 மில்லியன். 10 சதவீதம் கூட்டி, 35 சதவீதம் எடுத்து, 5.8-ஆல் பெருக்கினால் 304 வரும். உண்மையில் அமைந்த வரம்பு 140.588. அதில் 35 சதவீதம் 49.2, ஐந்து ஆண்டுக்கு 285.4. அடுத்த ஆண்டு வரம்பு 154.647 ஆனது. அதே அணியின் ஜேசன் டேட்டமுக்கு அதே 35 சதவீதம்தான், ஆனால் 54.1 மில்லியனில் தொடங்கி மொத்தம் 314 மில்லியன். இருவருக்கும் இடையிலான 28 மில்லியன் வித்தியாசத்துக்கும் ஆட்டத்திறனுக்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பந்தம் தொடங்கிய ஆண்டு வேறு, அவ்வளவுதான்.

2025 ஜூலையில் ஓக்லஹோமா சிட்டியின் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நான்கு ஆண்டு, 285 மில்லியன் என்று வந்த செய்தியையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். அது 2027-28 பருவத்தில்தான் தொடங்குகிறது. 154.647 மில்லியன் முதலில் 7 சதவீதமும் பிறகு 10 சதவீதமும் ஏறினால்தான் 285 வரும். இரண்டு முறையும் 5 சதவீதமே ஏறினால் 267.

வரம்பு எங்கிருந்து வருகிறது?

டிக்கெட், ஒளிபரப்பு உரிமை, விளம்பரம், ஜெர்சி விற்பனை என்று லீக்குக்கு வரும் கூடைப்பந்து சார்ந்த வருமானத்தில் 49 முதல் 51 சதவீதம் ஆட்டக்காரர்களின் பங்கு. 2011இல் முதலாளிகள் நடத்திய கதவடைப்புக்கு முன் அது 57 சதவீதமாக இருந்தது. இந்தப் பங்கிலிருந்துதான் ஒவ்வோர் அணிக்குமான வரம்பைக் கணக்கிடுகிறார்கள். 1984-85இல் வரம்பு வந்தபோது அது 3.6 மில்லியன். 2025-26இல் முன் அனுபவமே இல்லாத புதுமுகம் ஒருவருக்கான குறைந்தபட்சச் சம்பளமே 1.27 மில்லியன்.

வரம்பை ஏற்றுவது முக்கியமாகத் தொலைக்காட்சிப் பணம். 2014இல் ஈஎஸ்பிஎன், டிஎன்டி நிறுவனங்களுடன் ஒன்பது ஆண்டுக்கு 24 பில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டார்கள். அது 2016-17இல் நடைமுறைக்கு வந்தபோது வரம்பு 70 மில்லியனிலிருந்து 94 மில்லியனுக்கு ஒரே தாவலில் ஏறியது. இதைப் படிப்படியாக ஏற்றலாம் என்று லீக் சொன்னதை ஆட்டக்காரர் சங்கம் ஏற்கவில்லை. விளைவு விசித்திரமாக இருந்தது. அந்தக் கோடையில் ஒப்பந்தம் முடிந்திருந்தவர்கள் மட்டும் அதிர்ஷ்டசாலிகள். மெம்ஃபிஸின் மைக் கான்லி அதுவரை ஒருமுறைகூட, நட்சத்திரங்கள் மட்டும் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானதில்லை. அவருக்கு ஐந்து ஆண்டுக்கு 153 மில்லியன், அன்றைய தேதியில் மிகப்பெரிய ஒப்பந்தம். அதே 2016-17 பருவத்தில், பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி விருதைத் தொடர்ந்து இரண்டு முறை வாங்கிய ஸ்டீஃபன் கரியின் சம்பளம் 12.1 மில்லியன். கணுக்கால் காயங்களால் அவர் எதிர்காலம் சந்தேகமாக இருந்த 2012இல் போட்ட நான்கு ஆண்டு, 44 மில்லியன் ஒப்பந்தம் அது. கரியின் குறைந்த சம்பளமும் திடீரென்று ஏறிய வரம்பும் சேர்ந்ததால்தான் முந்தைய பருவத்தில் 73 ஆட்டங்கள் வென்ற அவரது கோல்டன் ஸ்டேட் அணியில் இன்னொரு நட்சத்திரமான கெவின் டுராண்டுக்கும் இடம் கிடைத்தது. அந்த அனுபவத்தால், லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் போட்ட 2023 கூட்டு ஒப்பந்தத்தில் வரம்பு ஓர் ஆண்டில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று விதி வந்தது. டிஸ்னி, என்பிசி, அமேசான் நிறுவனங்களுடன் போட்ட 11 ஆண்டு, சுமார் 76 பில்லியன் டாலர் ஒப்பந்தம் 2025-26இல் தொடங்கியும் வரம்பு சரியாக 10 சதவீதம் மட்டும் ஏறியது அதனால்தான்.

பிரவுனின் தொகையைக் குறைத்ததிலும் தொலைக்காட்சிக்குப் பங்கு உண்டு. அந்தந்த ஊர் ஆட்டங்களைக் காட்டும் பிராந்தியச் சேனல்கள் நலிந்துவருகின்றன; அவற்றில் பலவற்றை நடத்திய டயமண்ட் ஸ்போர்ட்ஸ் 2023 மார்ச்சில் திவால் மனு போட்டது. தேசிய ஒப்பந்தத்தை மட்டும் பார்த்து வரம்பைக் கணிப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்.

உச்சச் சம்பளம் உண்மையில் ஏறியிருக்கிறதா?

டாலரில் ஏறியிருக்கிறது. விகிதத்தில் இறங்கியிருக்கிறது. பலர் கவனிக்காத விஷயம் இது.

1997-98இல் மைக்கேல் ஜோர்டனின் சம்பளம் 33.1 மில்லியன். அந்த ஆண்டு ஒரு முழு அணிக்கான வரம்பே 26.9 மில்லியன்தான். சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைக்க வரம்பைத் தாண்டலாம் என்ற லாரி பேர்ட் விதிவிலக்கு இருந்தது. தனிநபர் உச்சம் என்று எதுவும் அப்போது இல்லை. இரண்டே ஆண்டுக்கு முன்புவரை, பழைய நீண்டகால ஒப்பந்தத்தின்படி, அதே ஜோர்டன் வாங்கியது 3.85 மில்லியன். 1997இல் மின்னசோட்டா அணி 21 வயது கெவின் கார்னெட்டுக்கு ஆறு ஆண்டுக்கு 126 மில்லியன் கொடுத்தது. அந்த அணியையே அதன் முதலாளி சில ஆண்டுகளுக்கு முன் சுமார் 88 மில்லியனுக்குத்தான் வாங்கியிருந்தார். மற்ற முதலாளிகள் மிரண்டதில் ஆச்சரியமில்லை. 1998இல் கதவடைப்பு, பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது, 1999இல் தனிநபர் உச்சச் சம்பளம் சட்டமானது. ஆறு ஆண்டு அனுபவம் வரை வரம்பில் 25 சதவீதம், 7 முதல் 9 ஆண்டு வரை 30, பத்தாண்டும் அதற்கு மேலும் என்றால் 35. அந்தப் படிகள் இன்றும் அப்படியே இருக்கின்றன.

2025-26இல் கரியின் சம்பளம் 59.6 மில்லியன், லீக்கிலேயே அதிகம். வரம்பில் அது 38.5 சதவீதம். 35-ஐத் தாண்டியது எப்படி என்றால், முந்தைய சம்பளத்தில் 105 சதவீதம் வரை கேட்கலாம் என்று இன்னொரு வழி இருக்கிறது; 8 சதவீத உயர்வுகளும் சில ஆண்டுகளில் வரம்பைவிட வேகமாக ஏறிவிடும். ஆனால் ஜோர்டன் வாங்கிய அதே விகிதம் 2025-26இல் இருந்திருந்தால் தொகை சுமார் 190 மில்லியன் ஆகியிருக்கும். இந்த லீக்கில் மதிப்புக்குக் குறைவாகச் சம்பளம் வாங்குபவர்கள் முதல் ஐந்தாறு ஆட்டக்காரர்கள்தான் என்பது எங்கள் கணிப்பு. அவர்களுக்குப் போகாத பணம் முதலாளியின் பைக்குப் போகவில்லை. பங்குச் சதவீதம் நிலையானது என்பதால் நடுத்தர ஆட்டக்காரர்களுக்குப் போகிறது. சங்கத்தில் வாக்கு அதிகம் அவர்களுக்குத்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு ஏன் நீடிக்கிறது என்று புரியும்.

படி ஏற இன்னொரு குறுக்குவழி விருதுகள். எம்விபி, சிறந்த தடுப்பாட்டக்காரர் அல்லது பருவத்தின் சிறந்தவர்களின் பட்டியலான ஆல்-என்பிஏ அணியில் இடம் என்று ஏதாவது ஒன்று கிடைத்தால் இளம் ஆட்டக்காரர் 25-லிருந்து 30-க்கும், எட்டு ஒன்பது ஆண்டு ஆனவர் 30-லிருந்து 35-க்கும் போகலாம். பின்னதைத்தான் சூப்பர்மேக்ஸ் என்கிறார்கள். இண்டியானாவின் டைரீஸ் ஹாலிபர்ட்டனின் கணக்கைப் பாருங்கள். 140.588 மில்லியனில் 25 சதவீதம் என்றால் ஐந்து ஆண்டுக்கு 203.9, 30 சதவீதம் என்றால் 244.6. 2023-24இல் அவர் ஆல்-என்பிஏ மூன்றாம் அணியில் இடம்பிடித்தார், 40 மில்லியனுக்கு மேல் கூடுதலாகக் கிடைத்தது. அந்த அணியைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டுச் செய்தியாளர்களும் வர்ணனையாளர்களும் போடும் வாக்கு. அதோடு, 65 ஆட்டம் ஆடாதவரின் பெயர் பட்டியலுக்கே வராது என்று அதே பருவத்திலிருந்து விதி. அவர் ஆடியது 69. தொடைத்தசைக் காயத்தோடு நடுவில் பல ஆட்டங்களை விட்டவருக்கு நான்கே ஆட்ட இடைவெளி. விருதைப் பொறுத்து மாறும் தொகையை உறுதியான வருமானமாக வைத்து வீடு வாங்கத் திட்டம் போடுவது நடக்கிற தவறுதான்.

கைக்கு எவ்வளவு?

ஆண்டுக்கு 50 மில்லியன் என்று வைத்துக்கொள்வோம். முதல் பிடித்தம் எஸ்க்ரோ: 10 சதவீதத்தை லீக் நிறுத்தி வைக்கும். பருவம் முடிந்து தணிக்கை நடக்கும்போது ஆட்டக்காரர்களின் மொத்தச் சம்பளம் அவர்களின் வருமானப் பங்கைத் தாண்டியிருந்தால் அந்த வித்தியாசம் இதிலிருந்து போகும். மீதி இருந்தால் திரும்ப வரும், வராமலும் போகலாம். ஆக, 45.

அதில் மத்திய வருமான வரி உச்சப்படி 37 சதவீதம், முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேர் வரி 2.35. கலிஃபோர்னியாவில் குடியிருந்தால் மாநில வரி உச்சப்படி 13.3. மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 23.7 மில்லியன். ஏஜென்ட் கட்டணத்துக்குச் சங்கம் வைத்திருக்கும் உச்சம் 4 சதவீதம். 3 என்று வைத்தால் 1.35. இந்தக் கட்டணத்தை மத்திய வரியில் கழிக்கும் வசதி 2018லிருந்து இல்லை. பழைய கணக்குத் தாளை அப்படியே பின்பற்றுபவர்கள் இங்கே சறுக்குவார்கள். கையில் மிஞ்சுவது சுமார் 20 மில்லியன். ஐம்பதில் இருபது.

டெக்சாஸிலும் ஃபுளோரிடாவிலும் மாநில வருமான வரி கிடையாது. அதனால் அங்கே ஆடுபவருக்கு மாநில வரியே இல்லை என்று நினைப்பது அரைகுறை உண்மை. வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் மாநிலங்கள் அங்கே கழிந்த பணிநாட்களுக்கு வரி கேட்கும். ஒரு பருவத்தின் 200 பணிநாட்களில் 10 நாள் நியூயார்க்கில் என்றால், சம்பளத்தின் இருபதில் ஒரு பங்கு அந்த மாநிலத்தின் கணக்கில் வரும். பயிற்சி நாள், அணிக் கூட்டம் நடந்த நாள் எல்லாம் பணிநாளே. ஆகவே பயண நாட்குறிப்பைப் பருவம் முழுக்க அப்போதைக்கப்போது எழுதி வைக்க வேண்டும். வரிக்கணக்குக் காட்டும் ஏப்ரலில் உட்கார்ந்து நினைவிலிருந்து தயாரித்தால் கூடுதலாகக் கட்ட நேரும், அல்லது நோட்டீஸ் வரும். இந்த வரி நாடறிந்ததே 1991 இறுதித் தொடருக்குப் பிறகுதான்: சிகாகோ ஆட்டக்காரர்களிடம் கலிஃபோர்னியா வரி கேட்டது, பதிலுக்கு இல்லினாயும் சட்டம் போட்டது.

மிஞ்சிய இருபதும் பத்திரமில்லை. ஆன்டுவான் வாக்கர் ஆடிய காலத்தில் 108 மில்லியனுக்கு மேல் சம்பாதித்து, 2010இல் திவால் மனு கொடுத்தார். சிக்கனத்துக்குப் பெயர்போன டிம் டங்கனே தன் நிதி ஆலோசகரை நம்பிப் பல மில்லியன் இழந்தார். அந்த ஆலோசகருக்கு 2017இல் சிறைத்தண்டனை கிடைத்தது. முதலீட்டைப் பரிந்துரைப்பவரே அந்த முதலீட்டில் பங்கு வைத்திருக்கிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குவதும், பணத்தை அவர் கைக்கு எட்டாத தனி நிறுவனத்தின் காப்பில் வைப்பதும் குறைந்தபட்ச ஏற்பாடு.

அணியின் பக்கம்

வரம்புக்கு மேலே இன்னொரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டினால் ஆடம்பர வரி. அதற்கும் மேலே, தாண்டும் அணியின் கையைக் கட்டும் ஏப்ரன் கோடுகள் இரண்டு. 2025-26இல் இரண்டாவது கோடு 207.8 மில்லியன். அதைத் தாண்டிய அணி இரண்டு பேரின் சம்பளத்தைச் சேர்த்துக் காட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க முடியாது, பரிமாற்றத்தில் பணமும் அனுப்ப முடியாது. 2025 கோடையில் பாஸ்டன் அணி ஜூரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் அனுப்பிவிட்டது இந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கத்தான்.

இறங்க வழியே இல்லாமல் மாட்டிக்கொண்டது ஃபீனிக்ஸ். பிராட்லி பீலுக்கு 2022இல் வாஷிங்டன் ஐந்து ஆண்டுக்கு 251 மில்லியனோடு, அவர் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாது என்ற உரிமையையும் கொடுத்தது. அந்த உரிமை அவரோடு ஃபீனிக்ஸுக்கும் வந்தது. 2025இல் அவரை விற்க முடியவில்லை. மீதி இரண்டு ஆண்டுக்குச் சுமார் 110.8 மில்லியன் பாக்கி; அவர் 13.9 மில்லியனை விட்டுக்கொடுத்தார், அணி அவரை விடுவித்தது. மிச்சமுள்ள ஆண்டுகளை இரட்டித்து ஒன்றைக் கூட்டி வரும் காலத்துக்குப் பாக்கியைப் பரப்பலாம் என்பது விதி: இரண்டு இரட்டித்து நான்கு, கூட்ட ஐந்து. 96.9-ஐ ஐந்தால் வகுத்தால் 19.4. வேறு அணிக்குப் போய்விட்ட பீலின் பெயரில் ஃபீனிக்ஸ் கணக்கில் அந்த 19.4 மில்லியன் 2029-30 வரை ஆண்டுதோறும் ஏறும்.